பெங்களூர் டீச்சர்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
24 ஜூன் 2024

மதிப்பிற்குரிய பாஞ்சாலி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் வித்யாலட்சுமி. இந்த மாதம் உங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஆர். தர்ஷினியின் அம்மா. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட உங்களுக்குத் தோன்றலாம். கொடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை முழுவதும் படித்துவிடுங்கள்.

நானும் ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான். இங்கே ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வீடு ஒரு பாஷை பேசும் பிள்ளைகள். உப்புமாவைப் பார்த்தால் ஒருத்தன் 'வேணாம் மிஸ்' என்பான், ஒருத்தி 'பேடா மிஸ்' என்பாள், இன்னொருத்தன் 'நக்கோ மிஸ்' என்பான். மூன்று பேருக்கும் நான்தான் ஊட்டிவிட வேண்டும். காலையில் மூக்குத் துடைப்பதில் தொடங்கும் வேலை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தர்ஷினிக்கு மூன்று வயது முடியவில்லை. நாங்கள் அப்போது பொம்மனஹள்ளியில் இருந்தோம். அவள் அப்பா ரகுராமுக்கு வேலை போயிற்று. அந்த எரிச்சலில் தினமும் சண்டை. ஒருநாள், 'ரெண்டு வாரம் ஊர்ல இருந்துட்டு வரோம்' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் போனார். அதோடு சரி. நான் தேடிப் போனபோது அவருடைய அக்கா ஜெயலட்சுமி கதவையே திறக்கவில்லை. தெருவில் நின்று அழுதேன். அதைத்தான் 'ரகளை செய்தாள்' என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் நடக்கிறது என்று சொல்ல முடியாது, உட்கார்ந்திருக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. உத்தரவு வரும்வரை அந்த ஊர்ப் பக்கமே போகக்கூடாது என்கிறார் என் வக்கீல் ஓஸ்வால்ட் சார். அவர்கள் தரப்பில் கொடுத்த படிப்புச் சான்றிதழில் வகுப்பாசிரியர் என்று உங்கள் பெயர் இருந்தது.

பிள்ளையைப் பார்க்க விடுங்கள் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவள் பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள்? ஊர்ப் பிள்ளைகளின் விரலையெல்லாம் பிடித்துச் சரிசெய்கிறேன். என் பிள்ளையின் விரல் எப்படி மடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பணிவுடன்,
வித்யாலட்சுமி

குடியாத்தம்
3 ஜூலை 2024

திருமதி வித்யாலட்சுமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியரிடம் கொடுக்கவில்லை. எத்திராஜ் சார் தபால்காரர் வந்தாலே வியர்த்துப் போகிறவர். அவரைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். உங்களுக்காகச் செய்ததாக எண்ண வேண்டாம்.

பள்ளிப் பதிவில் மாணவியின் பாதுகாவலர் தந்தை என்று இருக்கிறது. தாய் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. பதிவில் இல்லாத ஒருவருக்கு மாணவியைப் பற்றி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. கணவன் மனைவி சண்டையில் பள்ளிக்கூடத்தை இழுப்பது முறையுமல்ல. இருதரப்பும் ஒரே பிள்ளையைச் சொல்லித்தான் அழுகிறார்கள். நான் யார் பக்கம் என்று நிற்பது?

தொலைபேசி எண் கேட்டு எழுதிவிடாதீர்கள். தர மாட்டேன். குரலைக் கேட்டால் நான் இளகிவிடுகிற ரகம். எழுத்து என்றால் சமாளித்துவிடுவேன்.

இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. பாஞ்சாலி
இடைநிலை ஆசிரியை

பி.கு. பென்சிலைக் கைக்குள் மூடிப் பிடிக்கிறாள், உலக்கை பிடிப்பதுபோல. திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜீவனஹள்ளி
9 ஜூலை 2024

பாஞ்சாலி டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். 'பேசக்கூடாது' என்று சொன்ன மறு நிமிஷம் நம் பிள்ளைகள் பேசுவதில்லையா, அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பின்குறிப்பை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உலக்கை பிடிப்பதுபோல என்று எழுதியிருந்தீர்கள். என் வகுப்பில் க்ளென் என்று ஒரு பையன் அப்படித்தான் பிடிப்பான். அவன் விரலுக்கு நடுவில் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து, 'இது கோழிக்குஞ்சு, நசுக்காம பிடி' என்று சொல்லிவிட்டு எழுதச் சொன்னேன். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. தர்ஷினிக்கும் செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லித் தருவதாக நினைக்காதீர்கள். சும்மா இருக்க முடியவில்லை.

தாய் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செத்துப்போனவள் என்று போடவில்லையே, அதுவரை நல்லது. இதைத் தமாஷாகத்தான் எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை.

அவள் எழுதுகிறாளா? என்னென்ன எழுத்து வந்திருக்கிறது? உங்கள் பள்ளியில் பயிற்சித் தாள் உண்டா? இங்கே அது என் பொறுப்பு. புள்ளி வைத்து எழுத்து போட்டு, பிள்ளைகள் அதன்மேல் பென்சிலை ஓட்டுவதற்கு நானே தாள் தயார் செய்வேன். உங்களுக்கு வேண்டுமென்றால் தமிழ் எழுத்துகளுக்குப் போட்டு அனுப்புகிறேன். தர்ஷினிக்கு மட்டும் என்று கேட்கவில்லை. வகுப்பு முழுவதற்கும் போடுகிறேன். நான் படித்தது தமிழ் மீடியம், அதனால் பயப்பட வேண்டாம்.

வித்யாலட்சுமி

குடியாத்தம்
22 ஜூலை 2024

திருமதி வித்யாலட்சுமிக்கு,

பஞ்சு உருண்டை வேலை செய்கிறது. தர்ஷினி அதைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டால், 'குஞ்சு தூங்குது டீச்சர்' என்கிறாள்.

ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தாயிடம் கேட்கவில்லை, சக ஆசிரியையிடம் கேட்கிறேன். உங்கள் மகள் தாளில் எழுதமாட்டேன் என்கிறாள். மணல் தட்டில் எழுதச் சொன்னால் விரலால் அழகாக எழுதுகிறாள். எழுதிய உடனே அழித்துவிடுகிறாள். நோட்டைக் கொடுத்தால் 'எனக்கு வராது' என்று கையைக் கட்டிக்கொள்கிறாள். மணலில் தப்பு நிற்காது, தாளில் நின்றுவிடும் என்று பயம். இது வீட்டில் திட்டு வாங்குகிற பிள்ளை செய்வது. அடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. சுத்தமாக உடுத்தி, எண்ணெய் வைத்துத் தலைவாரித்தான் அனுப்புகிறார்கள். அத்தைக்காரி கொஞ்சம் கறார், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் இரண்டும் ஒரே அறையில். ஒரு பிள்ளையோடு உட்கார நேரமில்லை. புள்ளி வைத்த எழுத்தென்றால் தப்பு என்ற பேச்சே இல்லை, கோட்டின்மேல் போனால் போதும். ஆகவே தாள் அனுப்புங்கள். மூன்று நிபந்தனை. வகுப்புக்குப் பொதுவாக இருக்க வேண்டும். உங்கள் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. எழுத்து பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். அவரவர் கையெழுத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது என்று பயிற்சியில் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைக்குமேல் வேலை இருக்கிறது. முடிக்கிறேன்.

மு. பாஞ்சாலி

ஜீவனஹள்ளி
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டீச்சர்,

இத்துடன் அ முதல் ஊ வரை. இங்கே பள்ளிக்கு எதிரில் இருக்கும் கடையில் நகல் எடுத்தேன். ஓரத்தில் இருக்கும் வாத்து, மரம் எல்லாம் நானே போட்ட படங்கள். வாத்து கொஞ்சம் எருமை மாதிரி வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புள்ளி வைப்பேன். 'யாருக்கு வித்யா இவ்வளவு சிரத்தையா தமிழ்?' என்று கூட வேலை செய்யும் மமதா மிஸ் கேட்டாள். டியூஷன் என்று சொன்னேன். ஒவ்வொரு புள்ளியையும் அவள் பென்சில் தொடப்போகிறது என்று நினைத்தால் கை மெதுவாகத்தான் போகிறது. நான் வைக்கிற இடத்தில் அவள் வைப்பாள். கையைப் பிடித்து எழுதவைப்பதற்கு இதுதான் எனக்குக் கிடைத்த வழி.

திட்டு வாங்குகிற பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அன்று முழுக்க என் வகுப்பில் யாரையும் அதட்ட எனக்கு வாய் வரவில்லை. வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. பிரின்சிபால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் எழுதி முடித்த தாள் ஒன்று, ஒன்றே ஒன்று, திருப்பி அனுப்ப முடியுமா?

வித்யா

குடியாத்தம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள வித்யா,

தாள் இத்துடன் இருக்கிறது. வாத்துக்கு அவள் பச்சை அடித்திருக்கிறாள். எருமை என்று யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு நல்ல செய்தி. எழுதுகிறாள். முதல் நாள் பென்சிலை எடுக்கவே யோசித்தாள். 'மேல போடு, தப்பே வராது' என்றேன். 'தப்பே வராதா?' என்று நாலு தடவை கேட்டுவிட்டுத் தொடங்கினாள். இப்போது முடித்துவிட்டு இன்னொரு தாள் கேட்கிறாள். போன வாரம் புள்ளியே இல்லாமல் நோட்டில் அ எழுதினாள், நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

யார் இந்தத் தாளைப் போடுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன், 'பெங்களூர்ல ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்க அனுப்பறாங்க' என்று. அன்றிலிருந்து அது 'பெங்களூர் டீச்சர் தாள்' ஆகிவிட்டது. தர்ஷினி மட்டும் என் மேசைக்கு வந்து, 'அவங்க அடிப்பாங்களா?' என்று கேட்டாள். மாட்டாங்க என்று சொன்னேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு ஜெயலட்சுமி வந்திருந்தார். தர்ஷினி அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததுபோல் தெரியவில்லை, தானாக வந்திருக்கிறது. இதைக் கோர்ட்டில் கேட்டு நீங்கள் தெரிந்துகொள்வதைவிட என்னிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்தேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

பாஞ்சாலி

ஜீவனஹள்ளி
14 செப்டம்பர் 2024

அன்புள்ள டீச்சர்,

தப்பில்லை. நன்றி.

அவருக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் நன்றாகத்தான் இருந்தார், தலைக்குப் பூ வைத்துவிடுவார். வெறுத்துவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். தலைவாரி அனுப்புகிறார் என்று நீங்கள் எழுதிய வரி குறுக்கே வருகிறது.

எ முதல் ஔ வரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் எழுதிய தாளை என் டிபன் பாக்ஸ் பையில் வைத்திருக்கிறேன். பச்சை வாத்தை மமதா மிஸ் பார்த்துவிட்டாள். இப்போது அவளுக்கும் தெரியும். கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் எழுதுங்கள். சின்ன விஷயம்கூடப் போதும். எந்தப் பல் ஆடுகிறது என்றாவது எழுதுங்கள்.

வித்யா

குடியாத்தம்
13 நவம்பர் 2024

திருமதி வித்யாலட்சுமி அவர்களுக்கு,

நேற்று தங்கள் கணவர் பள்ளிக்கு வந்தார். தீபாவளி விடுமுறையில் பிள்ளை வீட்டுத் தரையில் சாக்பீஸால் அ ஆ எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எத்திராஜ் சார் முன்னால் தர்ஷினியின் நோட்டைப் போட்டு, 'இது அவ கையெழுத்து சார். அ-வுக்கு வால் வெக்கறது அவ ஒருத்திதான். எனக்குத் தெரியாதா?' என்றார்.

நான் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கடைசிக் கோட்டை நேராக இறக்காமல் அடியில் ஒரு சுழி. ஆயிரம் தடவை பார்த்த தாள், என் கண்ணில் படவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல என்று தெளிவாகக் கேட்டிருந்தேன்.

தாளை யார் போட்டது என்றார் எத்திராஜ் சார். நான்தான் என்றேன். என் சர்வீஸில் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. உங்கள் கணவர் சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். 'அப்போ போர்டுல ஒரு அ எழுதுங்க டீச்சர், பாக்கலாம்' என்றார். பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதினேன். முப்பது வருடமாக எழுதுகிற கை, நேராகத்தான் இறங்கியது. பிறகு முன்வரிசையில் ஒரு பையனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அவன் வாலோடு எழுதினான். 'டீச்சர் தப்பா எழுதிட்டாங்க' என்று ஒரு பிள்ளை சொன்னது.

தன்னால்தான் இது என்று தர்ஷினிக்குத் தெரிந்துவிட்டது. தன் நோட்டை எடுத்து எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

இன்று மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. மேலிடத்தில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பேன். உங்களுக்கு எழுத இனி ஒன்றுமில்லை.

மு. பாஞ்சாலி

ஜீவனஹள்ளி
18 நவம்பர் 2024

டீச்சர்,

தெரிந்தேதான் செய்தேன். முதல் தாளைப் புத்தகத்தில் இருப்பதுபோலத்தான் போட்டேன், சத்தியமாக. போட்டுவிட்டுப் பார்த்தால் அது யாருடைய எழுத்தோ மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு என் எழுத்தில் போட்டேன். என் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது, குரலும் தெரியாது, கையெழுத்தாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அந்த வாலை வைத்து அவர் என்னை முன்பெல்லாம் கேலி செய்வார். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். அதுவும் உங்கள் வகுப்புக்கு முன்னால். என்ன எழுதினாலும் அது சரியாகாது.

அவள் எந்தப் பள்ளியில் இருக்கிறாள் என்று தெரிந்தால் மட்டும் ஒரு வரி போடுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

வித்யா

குடியாத்தம்
20 ஜனவரி 2025

வித்யா,

கோபம் தணிந்துதான் எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு வீட்டில் சும்மா இருந்தேன், உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

என்னை நான்காம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். எத்திராஜ் சார் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். யாருக்கும் மூக்கு ஒழுகுவதில்லை, யாரும் என் முந்தானையைப் பிடித்து இழுப்பதில்லை. என் பழைய வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பெண் பாடம் எடுக்கிறாள். போர்டில் இருக்கும் அ-வை நான் பார்ப்பதில்லை.

தர்ஷினி ஊருக்கு வெளியே ஒரு வேன் வரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேன் நின்றபோது ஜன்னலில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கையைத் தூக்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ரகுராமுடைய வக்கீல் பள்ளிக்கு வந்து, தாய் ரகசியமாகத் தலையிட்டதால் குழந்தையின் படிப்பு கெட்டது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். தாளில் எழுதப் பயந்த பிள்ளை இந்தத் தாள்களால்தான் எழுத ஆரம்பித்தாள், அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கியது நான் என்று. அதன் நகல் உன் வக்கீலுக்கும் போயிருக்கும். இதனால் நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போகலாம்.

பாஞ்சாலி

ஜீவனஹள்ளி
9 மார்ச் 2025

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஜட்ஜ் அம்மா சத்தமாகப் படிக்கச் சொன்னார்களாம். பிறகு அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். மூன்று வருடமாக அசையாத கேஸ் அசைந்துவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டில் பிள்ளைகளுக்கு இருக்கும் அறையில், ஒரு மணி நேரம் நான் அவளைப் பார்க்கலாம். அவர்கள் தரப்பு ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள்: குழந்தை பயந்தாலோ அழுதாலோ சந்திப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நேற்று சனிக்கிழமை, முதல் சந்திப்பு. முதல் ஆளாகச் சொல்ல வேண்டியது உங்களிடம்தான்.

சுவரில் யானைப் படம், மூலையில் சக்கரம் கழன்ற ஒரு பொம்மை வண்டி. ஆலோசகர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜெயலட்சுமி அக்கா வாசல் வரை வந்து அவளை விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார். நல்ல உயரம் வளர்ந்திருக்கிறாள், டீச்சர். நீங்கள் அதை எழுதவே இல்லை.

'தர்ஷினி, அம்மா வந்திருக்காங்க பாரு' என்றார் ஆலோசகர். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். 'எங்க?' என்றாள். 'இவங்கதாம்மா உன் அம்மா.' அவ்வளவுதான், உதடு பிதுங்கிவிட்டது. ஜூன் மாதம் முதல் நாள் வகுப்பில் விட்டுவிட்டுப் போகும்போது பிள்ளைகளுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம். ஆலோசகர் எழுந்து நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் கீழே கூட்டிப் போய்விடுவார், அடுத்த மாதமும் கிடையாது, அதற்கடுத்த மாதமும் சந்தேகம்.

எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முதல் நாள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். அழுகிற பிள்ளையைப் பார்க்காமல், அவளுக்குப் பாதி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளையும் கலர் பென்சிலையும் எடுத்து என் பாட்டுக்குப் படம் போட்டேன். எழுத்துக்குப் புள்ளி வைத்தேன். விசும்பல் குறைந்தது. செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

'நீங்க பெங்களூர் டீச்சரா?' என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்றேன்.

'நீங்க அடிக்க மாட்டீங்கன்னு பாஞ்சாலி டீச்சர் சொன்னாங்க' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலோசகரும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் முழுவதும் நான் டீச்சராகவே இருந்தேன். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய்விடுவாளோ என்று பயம். தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. விரலை மட்டும் பிடித்துத் திருத்தினேன். திருத்த வேண்டிய அவசியமே இல்லை, சரியாகத்தான் பிடித்திருந்தாள். உங்கள் வேலை.

பாதியில் தலையைத் தூக்காமலே கேட்டாள், 'உங்களுக்குப் பாப்பா இருக்கா டீச்சர்?'

எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விதான். என் வகுப்பில் கேட்டால், 'நீங்கதான் எம் பாப்பா' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அங்கே அது வாயில் வரவில்லை.

'இருக்கா' என்றேன்.

'பேரு இன்னா?'

பொய் சொல்லியிருக்கலாம். 'தர்ஷினி' என்றேன்.

'ஐயோ, எம் பேருதான்' என்று சிரித்தாள். முன்பல் இரண்டும் இல்லை. 'எத்தினியாவது படிக்கிறா?'

'ஒண்ணாவது.'

'நானும் ஒண்ணாவதுதான்.' ஒரே சந்தோஷம் அவளுக்கு. ஆலோசகரிடம் திரும்பி, 'இவங்க பாப்பா பேரும் தர்ஷினியாம்' என்றாள். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தர்ஷினி என்னிடம், 'அவள இன்னாத்துக்கு உட்டுட்டு வந்தீங்க?' என்று கேட்டாள்.

'அவ அப்பாகிட்ட இருக்கா' என்றேன். அது அவளுக்குச் சரியான பதிலாகத்தான் பட்டது. மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

நேரம் முடிந்ததும் ஆலோசகர் தன் தாளில், குழந்தை மனுதாரரை ஆசிரியை என்றே அறிகிறது, மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டி, 'மெதுவா சொல்லிக்கலாம்மா, இன்னிக்கு இது போதும்' என்றார். நல்ல மனுஷி. எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தர்ஷினி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தாள். என் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: 'அடுத்த தபா அவளயும் கூட்டிக்கினு வாங்க டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வெளயாடறோம்.'

சரி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் அந்த அறைக்கு நான் போக வேண்டும், டீச்சர். என் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வித்யா